கடல் செய்தது, கை செய்தது



காலநிலை மாற்றத்தில் மனிதரின் பங்கு எவ்வளவு என்ற தலைப்பில் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். மேடைகளில் இந்தக் கேள்விக்கு இரண்டே பதில்கள் மோதுவதைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் மனிதன் செய்த வினை என்பது ஒன்று. பூமி என்றைக்குமே மாறிக்கொண்டுதான் இருக்கிறது, மனிதன் எம்மாத்திரம் என்பது மற்றொன்று. குளச்சல் கரையில் நின்று பார்த்தால் இரண்டும் போதவில்லை. இந்தக் கரைக்கு நேர்ந்தவை பல. 2004இல் ஆழிப்பேரலை வந்தது. 2017இல் ஒக்கிப் புயல் வந்தது. கடல் சூடேறிக்கொண்டிருக்கிறது. ஆண்டுதோறும் கடல் கரையை அரிக்கிறது. சாளை பட்டுப்போன ஆண்டுகள் வந்தன. காற்றே இல்லாத நாளில் கள்ளக்கடல் ஏறுகிறது. இவற்றில் ஒன்றில் மனிதருக்குப் பங்கே கிடையாது. ஒன்றில் ஏறக்குறைய முழுப்பங்கும் மனிதருடையது. மற்றவற்றில் பங்கு கூடியும் குறைந்தும் இருக்கிறது; அதிலும் எந்த மனிதர் என்று கேட்டால் பதில் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஒவ்வொரு காயத்தையும் தனித்தனியே எடுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. மொத்தமாகச் சேர்த்துப் பேசினால் இழப்பு நமக்குத்தான்.

முதலில் ஆழிப்பேரலை. பள்ளி மாணவர்களின் கட்டுரைகளில் "புவி வெப்பமயமாதலால் சுனாமி வந்தது" என்று எழுதியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அது பிழை. 2004 டிசம்பர் 26 காலையில் சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் நிலத்தட்டு வழுக்கியது. 9.1 அளவு நிலநடுக்கம். நம் குமரி மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 800 உயிர்கள் போயின. குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் அன்று அடைந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த அவையிலேயே அந்த நாளில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருப்பீர்கள். அந்தத் தட்டு வழுக்கியதில் நிலக்கரிக்கோ பெட்ரோலுக்கோ எள்ளளவும் பங்கில்லை.

மனிதர் தவறவிட்டது வேறொன்று. சுமத்ராவிலிருந்து அலை நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரமும் நமக்குச் சொல்ல ஆளில்லை. இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை அமைப்பே அன்று கிடையாது. ஹைதராபாதில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியது 2007 அக்டோபரில்தான். அலையைக் கண்டு உள்ளே ஓடியவர்களில் பலர் ஏ.வி.எம். கால்வாயைத் தாண்ட முடியாமல் மாண்டார்கள். ஆக, அலையை எழுப்பியதில் நமக்குப் பங்கில்லை என்று சொல்லும்போதே, சாவின் எண்ணிக்கையில் பங்கிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஒக்கிக்கு வரும்போது தேவைப்படும்.

அடுத்தது வெப்பம். இதில்தான் விவாதம் மிகச் சூடாக நடக்கிறது. சான்று மிகத் தெளிவாக இருப்பதும் இதில்தான்.

சூரியன்தான் காரணம் என்பவர்களிடமிருந்து தொடங்குகிறேன். அது மதிக்க வேண்டிய ஐயம். அதைச் சோதித்துப் பார்க்கவே நம் தமிழ்நாட்டில் ஓர் ஆய்வுக்கூடம் எழுந்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொன்ன 1876–78 பெரும்பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனின் மாற்றங்களுக்கும் தொடர்புண்டா என்று அறியும் ஆவல் அரசுக்கு எழுந்தது. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் 1899இல் நிறுவப்பட்டதன் பின்னணியில் அந்தக் கேள்வி இருக்கிறது. நூறாண்டுகளுக்கு மேலாக அங்கே சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். சூரியப்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரியனின் ஆற்றலை நேராக அளந்து வருகின்றன. அந்த 11 ஆண்டு ஏற்ற இறக்கம் தெரிகிறது. ஆனால் ஆண்டுதோறும் கூடிச் செல்லும் போக்கு எதுவும் இல்லை. அதே காலத்தில்தான் பூமியின் வெப்பம் விடாமல் ஏறியிருக்கிறது.

இன்னொரு சான்று இதைவிட நுட்பமானது. சூரியன் கூடுதலாகக் காய்ந்தால் வளிமண்டலம் அடிமுதல் முடிவரை சூடேற வேண்டும். கரியமில வாயு கூடினால் கீழ் அடுக்கு சூடேறும், மேல் அடுக்கு குளிரும். 1967இலேயே சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் இதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். அப்போது அதைச் சரிபார்க்கக் கருவிகள் போதவில்லை. பின்னர் அளந்தபோது அப்படியே இருந்தது. கீழே சூடு, மேலே குளிர். சூரியனால் இதைச் செய்ய இயலாது. மனாபேக்கு 2021இல் நோபெல் பரிசு கிடைத்தது. இயற்கையின் ஏற்ற இறக்கத்தையும் மனிதரின் தடத்தையும் பிரித்தறியும் முறையை வகுத்த கிளாஸ் ஹாசல்மானும் அப்பரிசில் பங்கு பெற்றார்.

சரி, கரியமில வாயு கூடியது. அது எரிமலையிலிருந்து வந்திருக்கக் கூடாதா? உலகின் எரிமலைகள் அனைத்தும் ஓராண்டில் விடுவது, மனிதர் விடுவதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதைவிட உறுதியான சான்று கரியின் உள்ளேயே இருக்கிறது. உயிருள்ள மரத்திலும் மீனிலும் நம் உடம்பிலும் கதிரியக்கமுள்ள கரி-14 சிறிதளவு உண்டு. அது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது துளியும் மிஞ்சாது. ஹான்ஸ் சூஸ் என்ற வேதியியலாளர் 1950களில் மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து, தொழிற்புரட்சிக்குப் பின் காற்றிலுள்ள கரியில் அந்தக் கரி-14 நீர்த்துப்போய் வருவதைக் காட்டினார். காற்றில் சேர்ந்துகொண்டிருப்பது பழங்கரி. அதைத் தோண்டி எடுத்து எரிப்பவர்கள் நம்மைத் தவிர வேறு யாரும் இல்லை.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. பனிப்பாளங்களில் சிறைப்பட்ட காற்றுக்குமிழிகளை அளந்ததில், தொழிற்புரட்சிக்கு முந்தைய எட்டு லட்சம் ஆண்டுகளில் அது 300ஐக்கூடக் கடந்ததில்லை என்று தெரிகிறது. பனியூழிகள் வந்து போனது உண்மை. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்ததும் உண்மை. பூமியின் சுற்றுப்பாதையும் சாய்வும் மெல்ல மாறுவதால் அவை நேர்ந்தன. அந்த மாற்றங்கள் பல்லாயிரம் ஆண்டுகளில் நடப்பவை. நாம் பேசுவது ஒரு தாத்தாவின் ஆயுளுக்குள் நடந்ததை.

பன்னாட்டு அரசுகளுக்கிடையேயான காலநிலைக் குழு 2021இல் வெளியிட்ட கணக்கைச் சொல்கிறேன். 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால், 2010–2019 பத்தாண்டில் மனிதரால் ஏற்பட்ட வெப்ப உயர்வு சுமார் 1.07 டிகிரி செல்சியஸ். அளவிடப்பட்ட மொத்த உயர்வும் ஏறத்தாழ அதே அளவுதான். சூரியனும் எரிமலையும் சேர்ந்து கூட்டியதோ குறைத்ததோ பத்தில் ஒரு டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. ஆக, இந்தக் காலத்து வெப்ப உயர்வில் மனிதரின் பங்கு எவ்வளவு என்றால், ஏறக்குறைய முழுவதும் என்பதே விடை.

சொல்லப்போனால் முழுவதுக்கும் மேலே. பசுமைக்குடில் வாயுக்கள் தனியாக ஏற்றியிருக்கக்கூடிய சூட்டை, நாமே விடும் புகையும் தூசும் ஓரளவு மறைத்து வைத்திருக்கின்றன. இந்த இடத்தில் ஒரு தமிழரை நினைவுகூராமல் செல்ல மனம் வரவில்லை. வீரபத்ரன் ராமநாதன் 1975இல், குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோ-புளோரோ-கார்பன்கள் கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வலிமையாக வெப்பத்தைத் தடுப்பவை என்று காட்டியவர். பின்னாளில் இந்தியப் பெருங்கடலின் மேல் கவிந்து நிற்கும் பழுப்புப் புகைமண்டலத்தை ஆராய்ந்து, அது கீழே விழும் வெயிலைக் குறைக்கிறது என்று விளக்கியவர்களில் முதன்மையானவரும் அவரே. புகையும் மனிதர் செய்ததுதான். இந்தியாவின் வெப்ப உயர்வு உலகச் சராசரியைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கைப்படி 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் 0.7 டிகிரி உயர்ந்தது. நம் கடலுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951–2015 காலத்தில் 1 டிகிரி சூடேறியிருக்கிறது. பூமியில் கூடுதலாகத் தேங்கும் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலானதைக் கடல்தான் வாங்கிக்கொள்கிறது.

இந்தச் சூட்டோடுதான் ஒக்கிக்கு வர வேண்டும்.

2017 நவம்பர் 29 முற்பகலில் இலங்கையின் தென்கிழக்கே தாழ்வு மண்டலம். 30 காலையில் குமரிக்கடலில் புயல். டிசம்பர் 1இல் லட்சத்தீவை ஒட்டி மிகக் கடும் புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூத்துறை, நீரோடிப் படகுகள் அதற்குப் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் தங்குபவர்கள் அவர்கள். கரையிலிருந்து எந்தக் கைப்பேசியும் எட்டாத தொலைவு. பலர் திரும்பவில்லை. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்த ஆயிரக்கணக்கானோர் கேட்டது, காலநிலை மாற்றத்துக்குக் காரணம் யார் என்றல்ல. எங்கள் ஆட்களைத் தேடுங்கள் என்று கேட்டார்கள்.

அதன்பின் ஒருநாள் சின்னத்துறையில் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சாரே, இத மனுசனா செஞ்சான்? கடலம்மைக்குக் கோவம் வந்தா ஆரு என்ன செய்ய முடியும்?" அவருக்கு அன்று நான் சொன்ன பதிலை விரித்து இங்கே சொல்கிறேன்.

மனிதர் இல்லாவிட்டால் ஒக்கியே வந்திருக்காது என்று நேர்மையான எந்த அறிவியலாளரும் சொல்ல மாட்டார். புயல் பிறக்கச் சூடான கடல்நீர் மட்டும் போதாது. மேற்காற்றின் போக்கு, ஈரம், கிழக்கே நகர்ந்து வரும் மேகத்திரளின் நேரம் எல்லாம் கூடிவர வேண்டும். அவற்றில் பெரும்பகுதி இயற்கையின் ஏற்பாடு. ஆனால் அப்படிக் கூடிவரும் வேளையில் அடியில் கிடக்கும் நீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதில் மனிதரின் கை இருக்கிறது. புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வில், 1982–2000 காலத்தை 2001–2019 காலத்தோடு ஒப்பிட்டார்கள். அரபிக்கடலில் புயல்களின் எண்ணிக்கை 52 விழுக்காடு கூடியிருந்தது. வங்காள விரிகுடாவில் 8 விழுக்காடு குறைந்திருந்தது. வங்கக்கடல்தான் புயற்கடல், நம் மேற்குக்கடல் சாது என்று நம் பாட்டன்மார் அறிந்து வைத்திருந்த கணக்கு மாறிக்கொண்டிருக்கிறது.

மழைக்கும் இதே முறையில் கணக்குப் போடலாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. காற்று 1 டிகிரி சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். இந்த எளிய இயற்பியல்படி மட்டும் பார்த்தால் அந்த 95இல் ஆறேழு சென்டிமீட்டர் நாம் சேர்த்தது. ஆறேழு சென்டிமீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது. குளம் உடைவதும் உடையாமல் நிற்பதும் கடைசிச் சில அங்குலங்களில்தான் தீர்மானமாகிறது. ஆனால் மீதிக்கும் காலநிலை மாற்றத்தையே குற்றம் சொல்லிக் கைகழுவவும் முடியாது. 2021 நவம்பர் வெள்ளத்தில் நாஞ்சில் நாட்டில் நீர் தேங்கி நின்ற இடங்களை நினைத்துப் பாருங்கள். கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைந்த வயல்களில் மண்ணடித்து மனை போட்டது எந்த நாட்டுப் புகைபோக்கியும் அல்ல.

ஒக்கியில் சூட்டுக்கு ஒரு பங்கு. எச்சரிக்கை எட்டாமல் போனதற்கும், தேடும் பணி தாமதமானதற்கும் பெரிய பங்கு. இரண்டாவதைச் சரிசெய்யப் பன்னாட்டு மாநாடு கூட வேண்டியதில்லை. ஒக்கிக்குப் பிறகு படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் கருவிகள் வரத் தொடங்கின. அவை ஒவ்வொரு படகிலும் இருக்கின்றனவா, வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது நம் மாநிலத்துக்குள்ளேயே முடிகிற காரியம்.

கள்ளக்கடலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்கோடிக் கடலில், நிலநடுக்கோட்டிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே எழும் புயற்காற்றின் அலைகள் நெடுந்தொலைவு கடந்து இங்கே வந்து ஏறுகின்றன. இங்கே வானம் தெளிந்திருக்கும், காற்று இருக்காது. 2024 மே 6 அன்று கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் மாண்டது அப்படியொரு நாளில். இதன் பிறப்பு இயற்கையானது. எச்சரிக்கை வெளியிடப்பட்டிருந்தது, கடற்கரைக்கு வந்த வெளியூர்ப் பிள்ளைகளை அது தடுத்து நிறுத்தவில்லை.

இனி கடலரிப்பு. இதைப் பற்றித்தான் இந்த ஊரில் கூடுதலாகப் பேச விரும்பினேன்.

ஆனியிலும் ஆடியிலும் கடல் மணலை எடுக்கும், ஐப்பசிக்குப் பிறகு திருப்பிக் கொடுக்கும். இது இந்தக் கரையின் பழைய ஒழுங்கு. இப்போது எடுப்பது நடக்கிறது, கொடுப்பது குறைந்துவிட்டது. தேசியக் கடலோர ஆய்வு மையம் 1990 முதல் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டதில், இந்தியக் கடற்கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருப்பது தெரிந்தது. தமிழ்நாட்டின் நிலை அதைவிட மோசம். காரணம் கேட்டால் மேடையில் எல்லோரும் சொல்வது, கடல்மட்டம் உயர்கிறது என்பதுதான். உயர்கிறது, மறுக்கவில்லை. வட இந்தியப் பெருங்கடலில் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர். கால் நூற்றாண்டில் 8 சென்டிமீட்டர். மணற்கரையில் நீர் உயரும் அளவைப் போல் ஐம்பது முதல் நூறு மடங்கு கரை பின்வாங்கக்கூடும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் பழைய தோராயம். அப்படியே வைத்துக்கொண்டாலும் நாலிலிருந்து எட்டு மீட்டர்.

உங்கள் ஊரில் போனது எட்டு மீட்டர்தானா? வள்ளம் ஏற்றி, வலை உணக்கி, கரமடி இழுத்து, பிள்ளைகள் பந்தாடிய கரை மொத்தமாகப் போன ஊர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை? எட்டு மீட்டருக்கு மேற்பட்டதற்கு வேறு கணக்கு இருக்கிறது. அதைத் தேட வேண்டிய இடம் அருகிலேயே இருக்கிறது.

கடற்கரை மணல் கடலில் பிறப்பதில்லை. பெரும்பகுதி ஆற்றில் வருவது. கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1906இல் எழுந்தது. பெருஞ்சாணி 1952இல். பிறகு சிற்றாறு அணைகள். அவை நாஞ்சில் நாட்டுக்குச் சோறு போட்டன. அவற்றைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அணை நீரை மட்டும் தடுப்பதில்லை, மணலையும் தடுக்கிறது. அணைக்குக் கீழே மிஞ்சியதை ஆற்றுக்குள் இறங்கி அள்ளினார்கள். முகத்துவாரம் வரை வந்த சிறிதளவு மணல் கரையோரமாக நகர்ந்து ஊர் ஊராகப் போக வேண்டும். அந்த வழியில் துறைமுகத்துக்காகக் கல்லைக் கொட்டி அலைத்தடுப்புச் சுவரைக் கடலுக்குள் நீட்டினால், சுவரின் ஒரு பக்கம் மணல் மேடிடும், மறுபக்கத்து ஊர் பட்டினி கிடக்கும். தேங்காய்ப்பட்டினம் துறைமுகத்தின் வாயிலில் மணல் திட்டாகக் குவிந்து, படகு கவிழ்ந்து ஆட்கள் மாண்டது ஊரறிந்த செய்தி. ஓரிடத்தில் வேண்டாத மணல், பக்கத்து ஊரில் இல்லாத மணல்.

அரித்த ஊருக்கு அரசு தரும் மருந்து கருங்கல் சுவர். அந்தக் கல் எங்கிருந்து வருகிறது? கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் குன்றுகளிலிருந்து. அதே குன்றுகளின் கல் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கும் லாரி லாரியாகப் போகிறது. மலையைக் கரைத்துக் கரையைக் காக்கும் இந்த வேலையில் இரண்டும் போகின்றன. சுவர் கட்டிய இடத்தில் அலை மோதித் திரும்பும்போது அடிமணலைப் பறித்துக்கொண்டு போகிறது. கல் சில ஆண்டுகளில் புதைகிறது. மேலே மறுபடி கல் கொட்டுகிறார்கள். மணல் திரும்பி வந்து படிய இடமே இருப்பதில்லை. கட்டுமரம் இறக்க இயலாமல், கரமடி இழுக்க இடமில்லாமல் அந்த ஊரின் ஒரு தொழில்வகையே முடிகிறது.

இதையெல்லாம் காலநிலை மாற்றம் என்ற ஒரே பெயரில் எழுதிவிட்டால் யாருக்கு வசதி? அணையை வடிவமைத்தவருக்கும், மணல் அள்ளியவருக்கும், மணலோட்டத்தை ஆராயாமல் சுவர் நீட்டியவருக்கும் வசதி. குற்றம் உலகத்தின் தலையில் போய்விடும். உலகத்தைக் கூண்டில் ஏற்ற எந்த நீதிமன்றமும் பத்மநாபபுரத்தில் இல்லை.

சாளையிலும் இதே சிக்கல். கேரளக் கடலில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் சாளை கிடைத்தது; 2021இல் 3,297 டன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு இது. நம் கரையின் சாளையும் அதே கடலின் மீன். இடையில் 2015இல் வலுவான எல் நினோ வந்தது, அது இயற்கை. கடல் சூடேறிக்கொண்டிருந்தது, அது மனிதர். முட்டையிடும் வயது வராத பொடிமீனைச் சிறுகண் வலையால் வாரிக் கோழித்தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் விற்றார்கள், அதுவும் மனிதர். ஆனால் வேறு மனிதர். மூன்றில் முதலாவதை யாரும் தடுக்க முடியாது. மூன்றாவதை அடுத்த பருவத்திலேயே நிறுத்தலாம்.

நம் படகின் டீசலும் இந்தக் குற்றத்தில் சேருமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். சேரும். எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். ஓராண்டில் ஓர் இந்தியரின் பங்குக்கு விழும் கரியமில வாயு சுமார் 2 டன். ஓர் அமெரிக்கருக்குச் சுமார் 14 டன். தொழிற்புரட்சி முதல் இன்றுவரை சேர்ந்ததில் ஏறத்தாழ கால்பங்கு அமெரிக்காவுடையது. இந்தியாவுடையது 3 விழுக்காட்டளவு. 2022இல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் மாநாட்டில், காலநிலை மாற்றத்தால் இழந்தவர்களுக்கு உதவ ஒரு நிதியம் அமைக்க ஒப்புக்கொண்டார்கள். 2023இல் துபாயில் அது செயலுக்கு வந்தது. அங்கே போய்க் கேட்பதற்குக் கணக்கு வேண்டும். ஒக்கியில் சூட்டின் பங்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்டினால் கேட்கலாம். தேங்காய்ப்பட்டினத்து மணல்திட்டையும் ஆழிப்பேரலையையும் அதோடு கலந்து கொண்டுபோனால், உண்மையான பங்கையும் சேர்த்தே தள்ளிவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று. இந்தக் கரையின் கருமணலைப் பற்றிப் பேசாமல் இந்தத் தலைப்பு நிறைவடையாது.

மழைக்காலம் முடிந்ததும் மணவாளக்குறிச்சிப் பக்கம் போய்ப் பாருங்கள். அலை வெண்மணலை அரித்துக்கொண்டு போய், கனமான மணலை மட்டும் விரற்கடை கனத்துக்குப் படியவிட்டிருக்கும். கையில் அள்ளினால் அந்த அளவுக்கு எதிர்பாராத எடை இருக்கும். உற்றுப் பார்த்தால் கருமையாகத் தெரிவது ஒரே நிறமல்ல. கரிய இல்மனைட், சிவந்த கார்னெட், இடையிடையே தேன்நிறத்தில் சின்னஞ்சிறு மணிகள். அந்தத் தேன்நிற மணிதான் மோனசைட். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த மணிகளை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டுகொண்டார். மோனசைட்டிலுள்ள தோரியமும் சீரியமும் வாயுவிளக்கின் வலைத்திரிக்குத் தேவை. நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவை எரித்து ஐரோப்பிய நகரங்கள் இரவில் விளக்கேற்றிய காலம் அது. அந்த ஒளிக்கு நம் கரை மணல் போனது. நிலக்கரி யுகத்தின் கணக்கில் நம் ஊரும் அப்படித்தான் சேர்ந்தது. எரித்தவர்களாக அல்ல, தோண்டப்பட்டவர்களாக.

இன்று அதே மோனசைட் வேறொரு காரணத்துக்குத் தேவைப்படுகிறது. அதிலுள்ள நியோடிமியம் காற்றாலைகளிலும் மின்வாகனங்களிலும் பயன்படும் வலிய காந்தங்களுக்கு மூலப்பொருள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுழலும் காற்றாலைகளைப் பார்த்து நாம் பெருமைப்படுகிறோம், பெருமைப்படவும் வேண்டும். நிலக்கரியைக் கைவிட அவை தேவை. ஆனால் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் நிலத்தில் அணுக்கனிமங்களை எடுக்க இந்திய அரிய மணல் ஆலை முன்வைத்த திட்டமும் இந்தத் தேவையோடு சேர்ந்ததுதான். 2024 அக்டோபர் 1க்கு அறிவிக்கப்பட்ட மக்கள் கருத்துக்கேட்பு எதிர்ப்பால் ஒத்திவைக்கப்பட்டது. உலகின் சூட்டில் மனிதரின் பங்கைக் குறைப்பதற்காக, ஏற்கெனவே மணலை இழந்துவிட்ட கரையில் மனிதரின் பங்கைக் கூட்டச் சொல்கிறார்கள். சூட்டுக்கு மிகக் குறைவாகக் காரணமான ஊர், மருந்துக்கும் விலை கொடுக்க வேண்டும் என்பது நியாயமில்லை என்று நான் நம்புகிறேன்.

அந்தக் கருத்துக்கேட்பு என்றாவது நடந்தால் இந்த அவையில் இருப்பவர்கள் அங்கே போக வேண்டும். கோபத்தோடு மட்டும் போகாதீர்கள், கேள்விகளோடு போங்கள். இந்தக் கரையின் மணலோட்டத்தை எத்தனை ஆண்டுகள் அளந்தீர்கள், அந்த அளவுகளைத் தமிழில் எங்கே வெளியிட்டிருக்கிறீர்கள்? கனிமம் பிரித்தபின் மிஞ்சும் மணலைத் தோண்டிய இடத்துக்கே திருப்பித் தருவீர்களா, தந்ததை யார் வந்து அளப்பார்கள்? மோனசைட்டைப் பிரித்தபின் தோரியம் எங்கே வைக்கப்படும், எத்தனை காலம்? தோண்டிய பின் கீழ்மிடாலத்திலும் இனையம் புத்தன்துறையிலும் கரை பின்வாங்கினால், அது கடல்மட்டம் உயர்ந்ததால் என்று சொல்வீர்களா, தோண்டியதால் என்று ஒப்புக்கொள்வீர்களா? கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.